சிங்கப்பூரும் துபாயும் சென்னையிலிருந்து ஒரே தூரம்தான்: விமானப் பயண நேரத்தை நீங்களே கணக்குப் போடுங்கள்

முதன்முதலாக அம்மாவுக்குத் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டோம். காலை 10.10க்குக் கிளம்பி மாலை 5 மணிக்குப் போய்ச் சேரும் என்று டிக்கெட்டில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "ஏழு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு எப்படிப்பா உக்காந்திருப்பேன், கால் வீங்கிடுமே" என்று இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்தார். உண்மையில் அந்தப் பயணம் நாலேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் கூட. இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான், இந்தக் கணக்கை யாருமே நமக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை என்று எனக்குப் பட்டது.

அதே மாதம் துபாயில் வேலை பார்க்கும் மாமா பையன், சென்னையில் 10 மணிக்கு ஏறினால் 12.45க்குத் துபாய், வெறும் ரெண்டே முக்கால் மணி நேரம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதுவும் சரியில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,920 கிலோமீட்டர், துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர். வித்தியாசம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டுக்கும் ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் டிக்கெட்டில் உள்ள மணிகளைக் கழித்துப் பார்த்தால் ஒன்று ஏழு மணி நேரம் போலவும் மற்றது மூன்று மணி நேரம்கூட இல்லை போலவும் தெரிகிறது. இந்தக் குழப்பம் தீர நாலைந்து படிகள் போதும், பள்ளிக்கூடக் கணக்குக்கு மேல் எதுவும் வேண்டாம்.

முதலில் எந்த விமான நிலையம் என்று உறுதி செய்யுங்கள்

ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். சென்னைக்கு எம்.ஏ.ஏ. (மெட்ராஸ் என்ற பழைய பெயரின் தடம் அது), திருச்சிக்கு டி.ஆர்.இசட்., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., கோவைக்கு சி.ஜே.பி., யாழ்ப்பாணத்துக்கு ஜே.ஏ.எஃப்., சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்.ஐ.என். துபாயில் இரண்டு நிலையங்கள் உண்டு: பெரும்பாலானவர்கள் இறங்கும் டி.எக்ஸ்.பி. ஒன்று, ஊருக்குத் தெற்கே தள்ளியிருக்கும் டி.டபிள்யூ.சி. இன்னொன்று. கோலாலம்பூருக்கும் கே.யூ.எல்., சுபாங் என்று இரண்டு. லண்டனுக்கு ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று நீளும், போதாததற்குக் கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்தால் இறங்கிய பிறகு டாக்ஸிக்கே தனிக் கணக்குப் போட வேண்டிவரும்.

தூரம்

விமானத் தூரம் என்று எங்கே போட்டிருந்தாலும் அது பூமியின் வளைவைப் பின்பற்றிப் போகும் மிகக் குறுகிய பாதையின் நீளம். சாலைத் தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் தப்பாகத்தான் வரும், தூரம் கூடக்கூடத் தப்பும் கூடும். வீட்டில் குழந்தைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து ஒரு முனையைச் சென்னையிலும் மறு முனையை டொராண்டோவிலும் வைத்து இறுக்கிப் பாருங்கள். நூல் ஐரோப்பா வழியாகப் போகாது, நேராக வடக்கே ஏறி உரால் மலைப் பக்கமாகப் போய், ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, கிரீன்லாந்து மேலாக இறங்கும். அந்தப் பாதையின் நீளம் சுமார் 13,400 கிலோமீட்டர். இதை ஒருமுறை கையால் செய்து பார்த்தவர்களுக்கு, டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் விமானம் ஏன் வடதுருவப் பக்கம் ஏறுகிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

துல்லியமான எண் வேண்டுமென்றால் கூகுள் எர்த்தில் அளவிடும் கருவி இருக்கிறது, கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு குறியீடுகளைக் கொடுத்தாலும் உடனே வந்துவிடும். இருந்தாலும் ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிடுங்கள், அப்போதுதான் எண் மனதில் நிற்கும். அதற்குச் சென்னை–யாழ்ப்பாணம் அருமையான உதாரணம், ஏனென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. மீனம்பாக்கம் வடக்கு அட்சம் 12.99 பாகை, யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி 9.79 பாகை. கழித்தால் 3.2 பாகை. வடக்கு தெற்காக ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். பெருக்கினால் 355 கிலோமீட்டர், அவ்வளவுதான். சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலையில் போகும் தூரத்தைவிட இது குறைவு. கிழக்கு மேற்காகப் போகும்போது இந்த 111 என்ற எண் செல்லாது, பூமத்திய ரேகையை விட்டு விலக விலக அது சுருங்கும், அதனால் அங்கே கருவியின் உதவியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தூரத்தைச் சில தளங்கள் கிலோமீட்டரிலும், சில மைலிலும், சில கடல் மைலிலும் போடும். சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர், கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சென்னை–சிங்கப்பூர் தூரத்தையே ஒருவர் 2,920 என்பார், ஒருவர் 1,820 என்பார், இன்னொருவர் 1,580 என்பார், மூவர் சொல்வதும் சரி. எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு இருக்கிறது என்று பாருங்கள்.

பறக்கும் நேரம்

ஏர்பஸ் ஏ320 மாதிரியான விமானங்கள் உயரத்துக்குப் போனபின் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். நீண்ட தூரம் போகும் பெரிய விமானங்கள் 900ஐ ஒட்டிப் போகும். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ.டி.ஆர். 72 விசிறி விமானம், சுமார் 500 கிலோமீட்டர் வேகம். தூரத்தை இந்த வேகத்தால் வகுத்து, வருவதோடு அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும்.

சிங்கப்பூருக்குப் போட்டுப் பார்ப்போம். 2,920ஐ 830ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம், அரை மணியைச் சேர்த்தால் நாலு மணி. நிறுவனங்கள் போடும் அட்டவணையில் நாலேகால், நாலரை என்று இருக்கும். காரணம், அட்டவணையில் இருப்பது வெறும் பறக்கும் நேரம் இல்லை. வாசலை விட்டு விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து அந்தப் பக்கம் வாசலில் போய் நிற்கும்வரை உள்ள நேரம் அது. நெரிசலான நேரத்தில் வரிசையில் காத்திருப்பதற்கும் நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே போடுகின்றன. அதனால்தான் சில நாள் அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம்கூடச் சரியான நேரத்துக்கு இறங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்துக்கு 355ஐ 500ஆல் வகுத்தால் 43 நிமிடம், அரை மணியைச் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரம். பாருங்கள், இங்கே ஏறி இறங்கும் நேரமே பறக்கும் நேரத்தோடு போட்டி போடுகிறது. குறைந்த தூரப் பயணத்தில் தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்லக் கூடாது என்பது இதனால்தான்.

காற்றும் பாதையும்

சரி, தூரம் ஒன்றாக இருந்தும் போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் ஏன்? காற்று. குளிர்காலத்தில் வட இந்தியா, வளைகுடாப் பகுதிகளின் மேலே மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று வேகமாக ஓடும். துபாய்க்குப் போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று, துபாயிலிருந்து வரும்போது பின்னாலிருந்து தள்ளும் காற்று. சராசரியாக 80 கிலோமீட்டர் வேகக் காற்று என்று வைத்துக்கொண்டால், போகும்போது 750 கிலோமீட்டர் வேகம்தான் கிடைக்கும், வரும்போது 910 கிடைக்கும். அதே 2,930 கிலோமீட்டரில் இது மட்டுமே நாற்பது நிமிட வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும்.

தெற்கே கதை வேறு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் கோடேஸ்வரம் 1958இல் எழுதிய ஆய்வுக்குப் பிறகுதான் அது உலகத்துக்கே சரியாகத் தெரிந்தது. அதனால் ஜூலை, ஆகஸ்டில் சிங்கப்பூருக்குப் போகும் விமானம்தான் எதிர்க்காற்றில் போகிறது, திரும்பி வருவது சுளுவு. மேற்கே போனால் தாமதம், கிழக்கே போனால் வேகம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள், நம் ஊரில் அந்த விதி வருடம் முழுக்கச் செல்லாது.

காற்றின் பலம் புரிய ஒரு நிஜ உதாரணம். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுவிட்டுப் பசிபிக் வழியாக, கிழக்குப் பக்கமாக அனுப்பியது. தூரம் சுமார் 13,900 கிலோமீட்டரிலிருந்து 15,300ஆகக் கூடியது, ஆனால் பின்னாலிருந்து தள்ளிய காற்றால் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பழைய வழியைவிட விரைவாக.

அப்புறம், எல்லா நாட்டு வானத்திலும் எல்லாரும் பறக்க முடியாது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி பல மேற்கத்திய நாட்டு நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வான்வெளியை மூடியதும் டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டிவந்தது. ஆகவே தளத்தில் காட்டும் நேர்கோட்டுத் தூரத்தை, விமானம் உண்மையில் ஓடும் தூரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஓடும் தூரம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். சென்னை–சிங்கப்பூருக்கு அவ்வளவு சுற்று இல்லை, வங்காள விரிகுடாவுக்கு மேல் ஏறக்குறைய நேராகவே போகலாம். அந்த நேர்கோடு இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனைக்கு மிக அருகில் போகிறது, பகல் விமானமாக இருந்து மேகமும் இல்லாவிட்டால் நிக்கோபார்த் தீவுகள் கண்ணில் படலாம். துபாய்க்கான நேர்கோடு தக்காணத்தைக் கடந்து கோவாவுக்கு வடக்கே கடலில் இறங்கி ஓமான் பக்கம் போய்ச் சேர்கிறது.

இப்போது கடிகாரம்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்தப் படியில்தான், அதனால் நிதானமாகப் படியுங்கள். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி. இரண்டையும் நேரடியாகக் கழிக்கவே கூடாது. இறங்கும் நேரத்தை முதலில் நம் ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு கழியுங்கள்.

சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. அம்மாவின் டிக்கெட்டில் இருந்த மாலை 5 மணி நமக்கு 2.30. அதிலிருந்து 10.10ஐக் கழித்தால் நாலு மணி இருபது நிமிடம். துபாயும் மஸ்கட்டும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். மாமா பையன் சொன்ன 12.45 நமக்கு 2.15. பத்து மணியைக் கழித்தால் நாலேகால். குவைத், கத்தார், பஹ்ரைன், சவுதி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இலங்கைக்கு வித்தியாசமே இல்லை, அங்கே நேரடியாகக் கழித்துக்கொள்ளலாம்.

லண்டன், டொராண்டோ போகிறவர்கள் கோடைக்கால நேர மாற்றத்தையும் பார்க்க வேண்டும். லண்டன் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம்தான் பின்னால். டொராண்டோ குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. அங்கே மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நடக்கிறது, அதாவது லண்டன் மாறும் நாளில் டொராண்டோ மாறுவதில்லை.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுக்கும் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு வெறும் தகவல் இல்லை. உடம்புக்கு ஊர்க் கடிகாரம் தெரியாது, உண்மையில் எத்தனை மணி நேரம் கடந்தது என்பதுதான் அதற்குத் தெரியும். மருத்துவரிடம் போகும்போது "காலை பத்து மணிக்குக் கிளம்பி சாயங்காலம் அஞ்சுக்கு இறங்கறோம்" என்று சொல்லாமல், "நாலே கால் மணி நேரம் பயணம், இறங்கும்போது நம்ம ஊர் நேரம் ரெண்டரை" என்று சொல்லிக் கேளுங்கள். நாங்கள் அம்மாவுக்கு நம்ம ஊர் நேரப்படி ஒரு சீட்டு எழுதி, கைப்பையில் மாத்திரையோடு வைத்து அனுப்பினோம்.

நள்ளிரவு விமானங்களின் தேதி

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். சென்னையிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு விமானங்களில் நிறைய நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.40 என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்துக்குப் போக வேண்டியது 14ஆம் தேதி இரவு 9.30, 9.40க்கு. என் சித்தப்பா இதைக் கவனிக்காமல் 15ஆம் தேதி இரவு சாப்பிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, வழியனுப்ப எட்டுப் பேரோடு வேனில் போய் இறங்கினார். விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. டிக்கெட் பணம் முழுவதும் போயிற்று, வேலையில் சேர வேண்டிய தேதியும் தள்ளிப்போனது. 00 என்று தொடங்கும் நேரத்தைப் பார்த்தால் உடனே காலண்டரில் அதற்கு முந்தைய நாளை வட்டம் போடுங்கள்.

வழியில் மாறிப் போவதாக இருந்தால்

சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோ நேர்கோட்டில் சுமார் 8,230 கிலோமீட்டர். துபாய் வழியாகப் போனால் 2,930உம் 5,500உம் சேர்த்து 8,430. இருநூறு கிலோமீட்டர்தான் கூடுதல், பறக்கும் நேரத்தில் அது கால் மணிகூட இல்லை. வளைகுடா நிறுவனங்கள் நம் ஆட்களை இவ்வளவு பேர் ஏற்றிப் போவதற்கு இந்தப் புவியியலும் ஒரு காரணம், துபாய் ஏறக்குறைய வழியிலேயே இருக்கிறது. நேரம் கூடுவது வேறிடத்தில்: இன்னொரு முறை இறங்கி ஏறுவதற்கு அரை மணி, நடுவில் காத்திருப்பது இரண்டு மணியோ எட்டு மணியோ. ஆகவே டிக்கெட் தேடும்போது தூரத்தைப் பார்க்காதீர்கள், "மொத்தப் பயண நேரம்" என்று போட்டிருப்பதைப் பாருங்கள். இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தனித்தனியாக எடுத்த டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. காத்திருப்பு ரொம்பக் குறைவாக இருப்பதும் நல்லதில்லை, பெரியவர்களைத் தனியாக அனுப்பினால் நான் மூன்று மணி நேரத்துக்குக் குறைத்து எடுப்பதே இல்லை.

வீட்டு வாசலிலிருந்து

கடைசிக் கணக்கு இதுதான், நான் ரொம்ப முக்கியமாக நினைப்பதும் இதுதான். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர், சென்னையைவிட அறுபது கிலோமீட்டர் கூட. ஆனால் புதுக்கோட்டைக்காரருக்குத் திருச்சி விமான நிலையம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், அது புதுக்கோட்டைச் சாலையிலேயேதான் இருக்கிறது. சென்னைக்கு வர ஆறேழு மணி நேரம். டிக்கெட் இரண்டாயிரம் ரூபாய் குறைவு என்று சென்னைக்கு வருகிறவர்கள் வண்டிச் செலவு, சாப்பாடு, ராத்தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். செக்-இன் கவுன்டரைப் பொதுவாகக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், சில இடங்களில் இன்னும் முன்பே. அதற்குப் பிறகு இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை. அம்மாவின் பயணத்தை இப்படிப் போட்டேன்: வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம், அங்கே மூன்று மணி, பயணம் நாலு மணி இருபது நிமிடம், இறங்கி இமிகிரேஷன் முடித்துப் பெட்டி எடுக்க ஒரு மணி. கிட்டத்தட்ட பத்து மணி நேரம். இதில் வானத்தில் இருப்பது பாதிகூட இல்லை.

நீங்கள் அழைத்துப்போக வருகிறவராக இருந்தால், டிக்கெட் நேரத்தை விட்டுவிட்டு விமான எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளைட்ரேடார்24 மாதிரியான செயலியில் அந்த எண்ணைப் போட்டால் விமானம் இப்போது எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு இறங்கும் என்று தெரியும், முந்தைய சில நாட்களில் அது எத்தனை மணிக்கு இறங்கியது என்பதும் தெரியும். விமானம் தரையைத் தொட்டதிலிருந்து முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்குள் ஆள் வெளியே வந்துவிடுவார். முதல் தடவை வருகிற பெரியவராக இருந்தால் இருபது நிமிடம் முன்னாலேயே போய், அவர் கண்ணில் படுகிற மாதிரி கதவுக்கு நேரே நில்லுங்கள்.